ஓசூர், பெங்களூரு நகரங்களின் அமைதி நேரம்: ஓர் ஒப்பாய்வு

இரவு என்பது யாது? பொழுது சாய்ந்தபின் வருவது என்பது பாமரர் கொள்கை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இதை ஏற்பதில்லை. அவற்றின்படி இரவு 10 மணிக்குப் பிறந்து காலை 6 மணிக்கு மறைகிறது. மார்கழிப் பனியில் கதிரவன் எழத் தாமதித்தாலும் 6 மணி ஆகிவிட்டால் அது பகல்தான்.

மத்திய அரசின் விதியாதலால் இந்த இரவு இரு மாநிலங்களுக்கும் பொது. ஓசூரின் கடைசிப் பகுதியான ஜுஜுவாடிக்கும், பெங்களூரு நோக்கி அதைத் தாண்டியதும் வரும் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கும் இதில் பேதமில்லை. பேச்சுமொழி மாறும், பலகையின் எழுத்து மாறும், டெசிபல் மாறாது.

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம் ஆகலாம்; அங்கே 50, 40. வரம்பை 10 டெசிபல் தாண்டினால் புகார் தரலாம். பத்துதானே என்று எண்ணலாகாது. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. ஆக, வரம்பைப் போல் பத்து மடங்கு முழங்கும்வரை பக்கத்து வீட்டாரைப் பொறுத்துக்கொள்வது பகல்நேரக் குடிமகனின் கடமை. இரவில் அவ்வளவு பொறுமை வேண்டியதில்லை. ஹாரன், கட்டட வேலை இயந்திரம், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கான இரவுத் தடையை மீறினாலே புகாருக்கு இடமுண்டு.

விதிவிலக்கும் உண்டு. விழாக்களுக்காக ஆண்டில் மொத்தம் 15 நாள்வரை ஒலிபெருக்கியை நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு அனுமதிக்கலாம். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் தெருக்களை மட்டும் எண்ணிப் பார்த்தவர்க்கு இந்தப் 15 எப்படிப் போதும் என்பது விளங்காது.

இதுவரை ஒப்பாய்வுக்கு வேலையே இல்லை. வேலை தருவது தீபாவளி.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிப் பட்டாசுக்கு இரவு 8 முதல் 10 வரை நேரம் குறித்தது. எங்கள் தீபாவளி விடியலில் அல்லவா என்று தமிழ்நாடு முறையிட்டது. இரண்டு மணிநேரத்தைத் தாண்டாமல் நேரத்தை மாநிலமே வகுத்துக்கொள்ளட்டும் என்றது நீதிமன்றம். தமிழ்நாடு அதை இரண்டாகப் பிளந்து காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வைத்தது. கர்நாடகம் 8 முதல் 10 என்பதிலேயே நின்றது.

இங்கே ஒரு தத்துவச் சிக்கல். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு 4 மணிக்கே சரத்தைக் கொளுத்துவது பழைய வழக்கம். சட்டப்படி அது நள்ளிருள். எனவே நரகாசுரன் 6 மணிவரை காத்திருந்தே சாக வேண்டியிருக்கிறது.

மாலையில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஓசூர் 8 மணிக்கு ஓயும். அதே நொடியில் அத்திப்பள்ளி தொடங்கும். இரு மாநில அரசுகளும் தனித்தனியே இரண்டு மணிநேரம்தான் கொடுத்தன. ஆனால் வெடிச்சத்தம் சோதனைச்சாவடியில் நின்று தாள் காட்டிவிட்டு வருவதில்லை. எல்லையோரத்தில் குடியிருப்பவருடைய காதின் வரவுக் கணக்கு இது: காலையில் 1, தமிழ்நாட்டு மாலையில் 1, கர்நாடக இரவில் 2. மொத்தம் 4 மணிநேரம், இரண்டு அரசுகளின் முழு ஒப்புதலோடு.

ஆகவே இவ்வாய்வின் துணிபு: ஜுஜுவாடியில் வீடு பார்ப்போர் வாடகை, தண்ணீர், பேருந்து வசதி எல்லாம் விசாரித்தபின், தீபாவளிக்கு எந்த ஊருக்குப் போவது என்பதையும் முடிவு செய்துவிட்டு முன்பணம் கொடுக்கவும்.