நட்சத்திர ஓட்டலில் சாமைச் சோறு சாப்பிடுவது எப்படி?

பசியோடு போகாதீர்கள். மற்ற யோசனைகளை மறந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம், இதை மறந்தால் சிரமம். துறையூரில் சென்னை பஸ் ஏறுகிறவர்கள் பெரம்பலூரில் வண்டி நிற்கும்போதே நாலு இட்லியை உள்ளே தள்ளிவிடுவது உத்தமம். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தங்கச்சி மகன், "மாமா, இந்தத் தடவை உங்களைப் பெரிய இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், உலகமே பாராட்டுற ரெஸ்டாரண்ட்டு" என்று ஆசையாகக் கூப்பிட்டிருப்பான். பாராட்டு ஏற ஏறத் தட்டு பெரிதாகும், தட்டில் இருப்பது சிறிதாகும். அந்தத் தொழிலின் எழுதாத சட்டம் இது. இட்லி சாப்பிட்டதை அவனிடம் சொல்லாதீர்கள், பிள்ளை மனசு நோகும்.

பாராட்டுகிறவர்கள் யார் என்று கிளம்புமுன் தெரிந்துகொள்வது நல்லது. உலகத்திலேயே பெரிய பாராட்டு ஒரு டயர் கம்பெனி கொடுப்பது. மிஷலின் என்ற பிரெஞ்சுக்கார அண்ணன் தம்பி இருவர் டயர் வியாபாரம் செய்தார்கள். 1900-ல் பிரான்ஸ் முழுக்கத் தேடினாலும் 3,000 கார் தேறாது. வண்டி வைத்திருப்பவன் வெளியே ஓட்டினால்தானே டயர் தேயும்? எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று ஒரு கையேடு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். 1926-லிருந்து நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் போகிற வழியில் நிறுத்திச் சாப்பிடலாம், இரண்டு என்றால் வழியை விட்டு விலகியும் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே வண்டி கட்டிக்கொண்டு கிளம்பலாம். டயர் தேய்வதுதான் கணக்கு என்றால் பச்சைமலையில் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் நம் மலைப்பாதைக்கு மூன்றுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்.

இந்தியாவுக்கு அந்த நட்சத்திரம் இதுவரை வரவில்லை. டயர் வந்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையே இருக்கிறது. ஆகவே நம் ஊர் ஓட்டல்கள் வேறு பட்டியல்களைப் பார்த்துத்தான் பெருமைப்பட முடியும். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் என்று 2013 முதல் ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். அதில் 2024-ல் 44-ஆம் இடத்தைப் பிடித்தது கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டலில் இருக்கும் அவர்தனா. தென்னிந்தியச் சமையலைப் புதுக் கோலத்தில் பரிமாறும் இடம். தங்கச்சி மகன் சொன்னது அதுவாகவோ அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட வேறொன்றாகவோ இருக்கும்.

இடம் பிடிக்கப் போன் செய்தால் முதல் கேள்வி, "ஏதாவது ஒத்துக்காதா சார்?" மச்சான் வீட்டுக் கல்யாணம் ஒத்துக்காது என்று உண்மையைச் சொல்லத் தோன்றும். அவர்கள் கேட்பது வேர்க்கடலை, இறால், பால் பற்றி. புரட்டாசி மாதமாக இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்க முடியாது, 7 முதல் 13 வகை வரை அவர்களே தீர்மானித்து ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருவார்கள். வீட்டிலும் போட்டதைத்தான் சாப்பிடுகிறோம் என்பதால் நம்மவர்களுக்கு இதில் பழக்கம் உண்டு.

வேட்டியில் போகலாமா? தாராளமாக. 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கக் கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அதே ஆண்டு, வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று சட்டசபையில் சட்டமே வந்துவிட்டது. மடியில் விரிக்க ஒரு துணி கொடுப்பார்கள், அதைத் தோளில் போட்டுக்கொள்ளாதீர்கள். வெள்ளையாக மாத்திரை மாதிரி ஒன்றைத் தட்டில் வைத்து வெந்நீர் ஊற்றுவார்கள், அது மெதுவாக எழும்பி நிற்கும். கை துடைக்கும் துண்டு அது. வாயில் போட்டவர்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்கு இரண்டு ஆங்கிலப் பெயர் சொல்லி எது வேண்டும் என்பார்கள், இரண்டும் பாட்டில், இரண்டுக்கும் காசு. "சாதாத் தண்ணி குடுங்க தம்பி" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

இனிமேல்தான் கவனம் தேவை. ஒவ்வொரு தட்டும் ஒரு கதையோடு வரும். தட்டை வைத்துவிட்டுப் பரிமாறுகிற பையன் போக மாட்டான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். அவன் பேசி முடிக்கும்வரை கரண்டியைத் தொடக் கூடாது. வண்டிச்சக்கரம் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தட்டு, நடுவில் ஒரு கைப்பிடிகூட இல்லாத சோறு, அதன் தலையில் வறுத்த கறிவேப்பிலை ஒன்று.

"சார், இது கிழக்குத் தொடர்ச்சி மலையில பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையா விளைவிக்கிற சிறுதானியம். மழையை மட்டுமே நம்பி…"

"சாமையா தம்பி?"

"ஆமா சார்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

இந்த இடத்தில் நிதானம் இழக்கக் கூடாது. பச்சைமலைக்காரர்கள் என்றால் இன்னும் அதிகமாகவே அடக்கி வாசிக்க வேண்டும். சாமை எவ்வளவு பிடிவாதமான தானியம் என்று உங்களுக்குத் தெரியும். உமி லேசில் கழலாது. உரலில் போட்டுக் குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்து, பொழுது சாய்ந்தாலும் முறத்தில் மிஞ்சுவது ஒரு வேளைக்குத்தான் ஆகும். தோள்பட்டை கழன்றுவிடும். 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசமாக மலைக்கு ஏறியதும் உரல் வாசலுக்கு வெளியே போனதில் என்ன ஆச்சரியம்? சாமை போட்ட காட்டில் மரவள்ளி வந்தது. பிறகு 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தது. நம் மலைத் தென்பரநாட்டில் அரிதாகிப்போன சோறு சென்னையில் ஏ.சி. அறையில் கதையோடு வருகிறது. இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னால் அடுத்த தட்டு ஆறிப்போகும். "அப்படியா!" என்று மட்டும் சொல்லுங்கள். தட்டு நடுவில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு வாய்ச் சோற்றை இரண்டாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே அர்த்தம் கிடையாது.

அடுத்ததாகக் காகிதம்போல் சீவிப் பொரித்த ஒன்று வந்தால் கடித்ததுமே தெரிந்துவிடும், மரவள்ளி, அதாவது நம் குச்சிக்கிழங்கு. லாரியில் கிழங்கு ஏற்றி ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோனவர்களுக்குப் பாராட்டு என்றால் என்ன என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆலையில் மாதிரிக் கிழங்கை எடுத்து மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து 'பாயிண்ட்' போடுவார்கள். விலை அந்தப் பாயிண்ட்டுக்குத்தான். பத்து மாதம் காட்டில் கிடந்து வளர்த்தவனுக்கு மழை முன்னே பின்னே பெய்தால் பாயிண்ட் இறங்கும், பணமும் இறங்கும். கிழங்குக்குப் போட்ட பாயிண்ட்டை எதிர்த்துக் கேட்க முடியாது. சீவிப் பொரித்ததற்கு விமர்சகர் போடும் பாயிண்ட்டையும் யாரும் கேட்பதில்லை, ஆனால் அது ஏறத்தான் செய்கிறது.

நத்தை வந்தால்? முகம் சுளிக்காதீர்கள். வயல் நத்தை பொறுக்கிச் சாப்பிட்டதைப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மறைத்த காலம் போய்விட்டது. நத்தம் பக்கம் அரசம்பட்டியில் பிறந்து, நம் திருச்சியில் கேட்டரிங் படித்த விஜய் குமார், நியூயார்க்கில் 'செம்ம' என்றே பெயர் வைத்த கடையில் நத்தைப் பிரட்டல் பரிமாறுகிறார். பாட்டியோடு வயலில் பொறுக்கிய அதே சங்கதி. சமையல் படிக்கப் போன இடத்தில்தான் பிரெஞ்சுக்காரர்கள் நத்தையைப் பெரிய விருந்தாக வைப்பது அவருக்குத் தெரிந்ததாம். 2022-ல் அந்த உணவகத்துக்கு டயர் கம்பெனி நட்சத்திரம் கிடைத்தது. 2025-ல் நியூயார்க் டைம்ஸ் அந்த ஊர் உணவகங்களில் முதலிடம் கொடுத்தது, அதே ஆண்டு ஜூன் மாதம் சிகாகோவில் ஜேம்ஸ் பியர்ட் என்ற சமையல் விருது மேடையில் அவர் வேட்டி கட்டி நின்றார். இவரைக் கிண்டல் செய்ய எனக்கு இஷ்டமில்லை. ஊரில் எப்படிக் காரமாகச் செய்வார்களோ அப்படியே கொடுக்கிறேன் என்று அயல் ஊரில் நின்றவர். அங்கே கை ஓங்கியது சமையலுக்கு, கதை அதன் பின்னால்தான் வந்தது. சென்னையில் பல கடைகளில் கதை முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது, சோறு இடம் கிடைக்காமல் நிற்கிறது.

ரசம் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்தனாவில் தக்காளி ரசத்தை வடித்து இறக்கிய தெளிவாகக் கண்ணாடிக் கோப்பையில் தருகிறார்கள். மேசையில் இதற்குச் சோறு எங்கே என்று தேட வேண்டாம், குடிக்கத்தான். பெரியவர்கள் வந்தால் அடியைக் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றுவதும், மண்டியை வீட்டுக்காரி கடைசியில் தன் தட்டில் கவிழ்த்துக்கொள்வதும் நம் வழக்கம். அந்த மேலாக மொண்டதை மட்டும் வைத்து ஒரு கோப்பை. கேலி பேசப் போனவர்களும் அதற்கு வாய் மூடிவிடுவார்கள்.

தங்கச்சி மகன், "மாமா, ரெண்டு சமையலைக் கலந்து ஒரு புது டிஷ் பண்றாங்க பாருங்க, இதெல்லாம் நம்ம ஊருக்கு இப்பதான் வருது" என்று பெருமையடிப்பான். ஸ்ரீரங்கத்தைச் சொல்லி அவனைக் கவிழ்த்துவிடலாம். பெருமாள்மேல் ஆசை வைத்த முஸ்லிம் இளவரசி என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியாரை முன்னிட்டு அங்கே பெருமாளுக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள், நேற்று ஆரம்பித்த பழக்கம் இல்லை. புது மண்பாண்டத்தில் தளிகை, திரை போட்டுக் கண்டருளப் பண்ணுவது, வெளியே ஒருவருக்கும் தெரியாது. எந்த விமர்சகரும் அந்தத் திரைக்குள் எட்டிப் பார்த்துப் பாயிண்ட் போட்டதில்லை, ஆனாலும் பிரசாதத்துக்குக் கூட்டம் குறைந்ததில்லை.

பில் வரும்போது மாமன் என்ற முறையில் கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும், வேகம் மட்டும் வேண்டாம். பையன் தடுப்பதற்கு அவகாசம் கொடுங்கள். தொகையைப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடிக்காதீர்கள், வரியைப் பாருங்கள். துறையூர் மெஸ்ஸில் பில் போட்டால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். அறை எடுக்காமல் சாப்பிட்டு மட்டும் வந்தாலும் அதேதான். கூடவே 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அது கட்டாயமில்லை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொன்னது, 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கதை சொன்ன பையன் கையில் தனியாக ஏதாவது கொடுப்பது வேறு விஷயம், மனப்பாடம் செய்வதும் வேலைதான்.

ஊர் திரும்பியதும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்கள். சாமைச் சோறு, குச்சிக்கிழங்கு, நத்தை, ரசம் என்று வரிசையாகச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குத்தான் போய் வந்தீர்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். போட்டோவைக் காட்டுங்கள். போட்டோவில் தட்டுதான் தெரியும், தட்டு பெரியது.

மேலே மலையில் இருக்கும் அக்கா, சின்னம்மாக்களுக்கும் ஒரு யோசனை. இனி அடிக்கடி கார்கள் ஏறி வரும். கறுப்புச் சட்டை போட்ட சமையல்காரர் ஒருவர், கேமராவோடு இன்னொருவர். காட்டுக்கீரை இருக்கா, தேன் இருக்கா, கைக்குத்தல் சாமை இருக்கா என்பார்கள். உரலை வெளியே இழுத்துப் போட்டுக் குத்திக் காட்டச் சொல்வார்கள். உங்கள் பாட்டி எப்படிச் சமைப்பார், மழைக்காலத்தில் என்ன தின்பீர்கள் என்று நோட்டில் எழுதுவார்கள். நல்ல பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள், மோர் கொடுங்கள். அவர்களுடைய ஓட்டல் விலைப்பட்டியலைப் பேரப்பிள்ளைகளைவிட்டுப் போனில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு "படி எவ்ளோங்க அக்கா?" என்று கேட்டால் உடனே விலை சொல்லிவிடாதீர்கள்.

"கதையோட வேணுமா, கதை இல்லாமலா?" என்று கேளுங்கள். கதைக்குத் தனி ரேட்டு.