இதன் மத்தியில்

பத்திர ஆபீஸ் எங்கே என்று எந்த ஊரிலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஜெராக்ஸ் கடை, டீக்கடை, மறுபடியும் ஜெராக்ஸ் கடை என்று வந்தால் இறங்கிக்கொள்ளலாம். அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் பத்திர ரைட்டர். 1908இல் வெள்ளைக்காரன் போட்ட பதிவுச் சட்டத்தை, தன் தாத்தா எழுதிவைத்த உயிலைப் போல உரிமையோடு பேசுவார்.

வீட்டுக்கு வழி கேட்டால், "பிள்ளையார் கோயிலுக்கு மேற்கு, பால் டிப்போவுக்குத் தெற்கு, ரேஷன் கடை சந்துக்குக் கிழக்கு, இதன் மத்தியில் நம்ம வீடு" என்பார். பேசி முடித்தபின் நமக்கே வீட்டை அளந்து வாங்கிவிடலாமா என்று தோன்றும்.

இப்போது எல்லாம் ஆன்லைன். வில்லங்கத்தைச் செல்போனிலேயே பார்க்கலாம். அதனால் ரைட்டரின் மவுசு குறைந்ததா என்றால், இல்லை. டைப் அடிக்க ஒரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போகிறார். மூன்று பக்கத்துக்கு ஒரே வாக்கியம். நடுவே முற்றுப்புள்ளி வைத்தால் அந்த இடைவெளியில் எவனாவது பங்காளி புகுந்துவிடுவான் என்பது அவருடைய பயம். தண்ணீர் லாரி வந்தால்தான் குளியல் என்கிற தெருவில் 600 சதுர அடி மனை வாங்குகிறவருக்கு, அதிலுள்ள புதையல், நீர், மரம், கல் அனைத்தையும் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் எழுதிக் கொடுத்துவிடுவார். வாங்கியவருக்கு ஒரே பெண், அதுவும் அமெரிக்காவில்.

சாவு வீட்டுக்குப் போனாலும் தொழில் விடாது. மாலையைப் போட்டுவிட்டு அழுகிறவர்களை எண்ணுவார். "பொண்ணுங்க ரெண்டா, மூணா?" 1989இல் தமிழ்நாடு பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் போட்டதிலிருந்து, அண்ணன்மாருக்குத் தங்கைகள் மேல் பாசம் பொங்குவதை அருகிருந்து பார்ப்பவர் இவர் ஒருவர்தான். வாடகைக் காரில் அழைத்து வருவார்கள். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, போகிற வழியில் ஓட்டல் சாப்பாடு. விடுதலைப் பத்திரத்தில் கைரேகை விழுந்ததும், திரும்பிப் போக பஸ் ஸ்டாண்டு பக்கம்தானே என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

உண்மையைச் சொன்னால், ஊரில் இவரளவு கற்பனை வளம் உள்ள எழுத்தாளர் வேறு யாரும் கிடையாது. பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் இந்த டீக்கடையில், தம்பி அந்த டீக்கடையில். நடுவில் உட்கார்ந்து, "நமக்குள் யாதொரு மனஸ்தாபமும் இன்றி ஏகமனதாய்" என்று எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சாட்சிக் கையெழுத்துப் போட எப்போதும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு பேர், ஒரு டீ குடித்துவிட்டு அதை ஆமோதிப்பார்கள்.

போன மாதம் ஒரு பெரியவரை மகன் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். இருக்கிற ஒரே வீட்டை மகன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுத வேண்டும். பெரியவர் முகம் கடுகடுவென்று இருந்தது. வழியெல்லாம் சண்டை போலிருக்கிறது. ரைட்டர் வாசித்துக் காட்டினார்: "...தாங்கள் என்னுடைய குமாரராய் இருப்பதாலும், தங்கள்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்..."

"தம்பி, நிறுத்துங்க. அந்த அன்பு பிரியத்தை அடிச்சிடுங்க."

"அடிக்கக் கூடாதுங்கய்யா."

"ஏன்? என் வீடு, என் அன்பு."

"அது இருந்தாத்தான் செட்டில்மெண்ட். குடும்பத்துக்குள்ள முத்திரைத் தீர்வை 1 சதவீதம். எடுத்துட்டா கிரயம்தான் பண்ணணும். அதுக்கு 7 சதவீதம்."

பெரியவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். மனக்கணக்குப் போட்டார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். சின்ன எழுத்தா அடிக்கச் சொல்லுங்க."