டிஸ்க் பேட் தேர்வியல்: அம்பத்தூர் பாடத்தை முன்வைத்து

1. ஆய்வின் தேவை

வேகக் காருக்கு டிஸ்க் பேட் தேர்ந்தெடுப்பது குறித்துத் தமிழில் விரிவான ஆய்வு எதுவும் இதுவரை வெளிவராதது பெருங்குறை என்று தொடங்குவது மரபு. தேடிப் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுத வேண்டும் என்ற மரபு இல்லை.

ஆய்வுக்களத்தின் எல்லை கிழக்கே பாடி, மேற்கே அம்பத்தூர் ஓ.டி. நல்கைத் தொகை போதாமையால் வடக்கும் தெற்கும் சேர்க்கப்படவில்லை. களத்தின் சிறப்பு உலகறிந்தது. பிரேக்ஸ் இந்தியா 1962இல் தொடங்கியது இந்தப் பாடியில்தான். 1964இல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங் ஆலை வைத்ததும் இதே அம்பத்தூரில்தான். ஆயினும் இவ்வட்டாரத்தில் போலோ ஜி.டி. வைத்திருக்கும் இளைஞர் தமக்கான பேடை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறார், அதுவும் மஞ்சள் நிறத்தில். உள்ளூர் மாடு விலை போகாது என்பதைப் பிறர் ஆராய்ந்துவிட்டதால் இங்கே விடுகிறோம்.

2. வகைப்பாடு

ஆர்கானிக்: சத்தம் போடாது, சீக்கிரம் தேயும். செராமிக்: வீலில் கரி அப்பாது, விலை அப்பும். செமி மெட்டாலிக்: எஃகு இழையும் இரும்புத் துகளும் கலந்தது, சூட்டைத் தாங்கும், டிஸ்கைத் தின்னும். ரேஸ் பேட்: ஐந்தாம் இயல் காண்க.

3. விளிம்புக் கல்வெட்டு

பேடின் விளிம்பில் ஆங்கில எழுத்து இரண்டு பொறித்திருக்கும். ஈ என்றால் உராய்வெண் 0.25 முதல் 0.35 வரை. எஃப் என்றால் 0.35 முதல் 0.45. ஜி என்றால் 0.45 முதல் 0.55. முதல் எழுத்து மிதமான சூட்டுக்கு, இரண்டாவது கடும் சூட்டுக்கு. இதைப் படித்தவுடன் ‘ஜிஜி போட்டால் கார் நட்டுக்கொண்டு நிற்கும்’ என்பது ஒரு சாரார் கொள்கை. அந்த எழுத்துகளோ சிறு துண்டு ஒன்றைச் சோதனைக்கூடத்தில் தேய்த்துப் போட்டவை. எத்தனை நாள் உழைக்கும், எத்தனை அடியில் நிற்கும் என்று அவை சொல்வதில்லை. ‘தம்பி, பேடு வீலைத்தான் பிடிக்கும், ரோட்டைப் பிடிக்கிறது டயரு. பழைய பேடுலயே ஏ.பி.எஸ். துடிக்குதுன்னா புதுப் பேடு வாங்கி என்ன பண்ணப் போற?’ (அம்பத்தூர் எஸ்டேட் மெக்கானிக் ஒருவர், வாய்மொழி, டீ நேரம்.)

இவ்வரிய கருத்தை மெக்கானிக் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் பில்லின் பின்புறத்தில் படம் போட்டும் விளக்கியுள்ளார். பில்லுக்கு வெள்ளைப் படி, மஞ்சள் படி என இரு பிரதிகள் உண்டு. வெள்ளைப் படியில் விலையின் முதல் இலக்கத்தின் மேல் டீக்கறை. அது 2,400 என்பது வாங்கியவர் பாடம். 7,400 என்பது கடைக்காரர் பாடம். மஞ்சள் படியைக் கடைக்காரர் தர மறுத்ததால் பாடபேதம் தீராமல் நிற்கிறது.

4. கீச்சொலி இயல்

பேட் டிஸ்கை ஒட்டியும் வழுக்கியும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்வதால் எழுவது கீச்சொலி. ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டதால் இது ஆய்வுக்கு உதவாது. ஆகவே விரிக்கிறோம்.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டு, ஒரு ஸ்தாயிக்குச் சுருதி 22 அல்ல, 24 என்று ஆயிரம் பக்கங்களுக்கு மேல் வாதாடினார். நூறாண்டு கடந்தும் அந்த இரண்டு சுருதிகள் வழக்கில்தான் இருக்கின்றன. அவ்விரண்டும் மாலை ஏழு மணிக்குப் பாடி மேம்பால இறக்கத்தில் தெளிவாகக் கேட்கின்றன என்பது நம் கண்டுபிடிப்பு.

கீச்சு நான்கு வகைப்படும். காலையில் முதல் இரண்டு மிதிக்கு மட்டும் வருவது தலைக்கீச்சு. இரவு ஈரத்தில் டிஸ்கில் படிந்த மெல்லிய துரு உதிரும் ஓசை அது, அஞ்ச வேண்டாம். வண்டி நிற்கப்போகும் தறுவாயில் வருவது கடைக்கீச்சு. பேட் தேய்ந்து, அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்கில் உரசுவது கூலிக்கீச்சு. இதைக் கேட்டும் ரேடியோவைச் சத்தமாக வைப்போர் அடுத்த மாதம் டிஸ்குக்கும் சேர்த்துக் கூலி கொடுப்பர்.

நான்காவது பெருமைக்கீச்சு. ரேஸ் பேட் போட்டவருக்கே உரியது. (காண்க: கொரட்டூர் சிக்னலில் சிவப்பு விழுந்த பின், பச்சை விழுமுன், உரிமையாளர் கண்ணாடியை இறக்கிவிட்டு நண்பருக்கு ஆற்றிய உரை. பின்னால் நின்ற மாநகரப் பேருந்தின் ஹாரனால் ஒலிப்பதிவின் இறுதிப் பகுதி சிதைந்துள்ளது. சிதைவை நிரப்பி நம் மாணவர் கொணர்ந்த செம்பதிப்பில் உரிமையாளர் சொல்லாத கருத்துகள் மூன்று உள்ளன. பட்டம் கிடைத்தது அந்த மூன்றுக்குத்தான்.)

பரிகாரம்: பின்தகட்டில் ஷிம் வைப்பது, அங்கே பிரேக் கிரீஸ் தொட்டுத் தடவுவது, பேடின் ஓரத்தைச் சாய்வாக ராவுவது. உராயும் முகத்திலேயே கிரீஸ் தடவினால் கீச்சு உடனே நின்றுவிடும். கார் நிற்காது.

5. சூட்டியல்

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர். அங்கே சுற்றுக்குச் சுற்று வேகமெடுத்துத் திருப்பங்களில் அமுக்கினால் பேட் கொதிக்கும். ரேஸ் பேட் அந்தக் கொதிப்புக்காகவே பிசைந்த கலவை, சூடேறினால்தான் கடிக்கும். வேகம் நான்கு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் பதினாறு மடங்கு. அதாவது 120இல் போகிறவர் பேடுக்குக் கிடைக்கும் சூட்டில் பதினாறில் ஒரு பங்குதான் 30இல் போகிறவருக்கு. திருவள்ளூர் நெடுஞ்சாலையில், மாலையில், டன்லப் ஸ்டாப்பருகே 30 என்பதே லட்சிய வேகம். எனவே கைகாட்டிய அம்மாவுக்காக நடுரோட்டில் ஷேர் ஆட்டோ நிற்கும்போது, பின்னால் வரும் பழைய கால்டாக்ஸி கம்பெனி பேடோடு சமர்த்தாக நிற்கிறது. மஞ்சள் பேட்காரர் இருங்காட்டுக்கோட்டைக்கு வேண்டிய பேடோடு ஆட்டோவின் பம்பரை விசாரிக்கிறார்.

6. விடுபட்டவை

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்கு விதித்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155 டிகிரி. எத்தனை உயர்ந்த பேட் போட்டாலும் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகித் தரையைத் தொடும். பேடுக்குப் பல ஆயிரம் கொடுக்கிறவர் சில நூறுக்கு இதை மாற்றுவதில்லை. உயிர் போகிற விஷயம் இது ஒன்றுதான் என்பதால் நான்கு பக்கம் எழுதியிருந்தோம். ஆய்விதழில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டார்கள். கீச்சொலி இயலில் கைவைக்க மனம் வராததால் அந்த நான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டோம்.