குடி மாப்ள, நல்லா குடி!

இன்னா மாப்ள, தட்டவிடப் பெருசா சொம்பு வச்சிகினு உக்காந்துகீற! குடி, நல்லா குடி. ஒடம்பக் கொறைக்க லட்சக்கணக்குல காசு கட்டி வயித்த அறுத்துகினு வந்து, அந்த ஆப்பரேசனையே தண்ணி ஊத்திக் கழுவி வுடுற தெகிரியம் ஆம்பூர்ல வேற யாருக்கு வரும்?

டாக்டரு இன்னா பண்ணாருன்னு நீதான படம் போட்டுக் காட்டுன? பழைய இரப்பைய ஒதுக்கிட்டு, மேல 30 மில்லி புடிக்கிற சின்னப் பையாக்கி, சிறுகுடலத் தூக்கி நேரா அதுல கோத்துட்டாங்க. டீ கிளாஸ்ல பாதிகூட வராது. அதுக்குள்ள சீரகச்சம்பா பிரியாணி, கறி, எண்ணெய்க் கத்திரிக்கா, தயிர்ப் பச்சடின்னு அனுப்பிட்டு, மேல அரை சொம்பு தண்ணியும் ஊத்துற. நெஞ்ச அடைக்குது, ஓங்கரிக்குது. ஒடனே "பிரியாணி ஒத்துக்கல"ங்குற. அண்டா இன்னாய்யா பாவம் பண்ணிச்சு?

அடைக்காத நாளு இன்னும் மோசம். முந்தி இரப்பைக்கு அடியில ஒரு வால்வு இருந்து, சோத்தக் கொஞ்சங் கொஞ்சமா குடலுக்கு வுட்டுச்சு. இப்ப உன் சோறு அந்த வழியா போறதே இல்ல. நடுவுல தண்ணி ஊத்துனா சர்ருனு எறங்கிடும், சீக்கிரமே திரும்பப் பசிக்கும்னு டாக்டருங்க சொல்றாங்க. உனக்கா பசிக்க வச்சித் தரணும்? அதுக்கு மேல ஆற்காட்டு மக்கன் பேடா வேற! அந்தப் பாகு மொத்தமா குடல்ல போயி வுழுந்தா வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடங்கும், தல சுத்தும், வயித்தால போவும். போன தபா நீ சுருண்டு கெடந்தப்ப, கண்ணு பட்டுடுச்சுன்னு உன் மாமியா மொளகா சுத்திப் போட்டுது. நான் போயி பேடா டப்பாவ எண்ணிப் பாத்தேன்.

அதுக்காக நாளெல்லாம் தண்ணியே குடிக்காம வாயக் கட்டிடாத. இப்பவே அதத்தான் செய்யுற. ஷூ கம்பெனில காலைலேர்ந்து பாட்டிலத் தொடறதில்ல, மொத்தத்தையும் சோத்து நேரத்துக்குச் சேத்து வைக்குற. வேலூரு வெயிலுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ள போவணும். வாய் வாயா, நாள் பூரா. சாப்புடறதுக்கு அரை மணி முன்ன நிறுத்து, சாப்ட்டு அரை மணி கழிச்சி ஆரம்பி. சோறு தனி, தண்ணி தனி. நான் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதம் பண்ண காலத்துல, ஊறல் தொட்டி தனி, சுண்ணாம்புத் தொட்டி தனி, பட்டைத் தொட்டி தனி. எல்லாத்தையும் ஒண்ணுல கலக்கியிருந்தா மொதலாளி என் தோல உரிச்சிருப்பாரு.

துன்றப்ப சோறு தொண்டைல எறங்கலன்னா, அதுக்குத் தண்ணி கொறைச்சல் இல்ல, நீ மெல்லுறதுல கொறைச்சல். கம்பெனி பஸ்ஸு வந்துட்டாப்புல முழுங்குற. கறிய மொதல்ல எடு, கூழாவுற வரைக்கும் மென்னு, அப்பறம் சோத்தத் தொடு. கோலி சோடா, கலரு கிட்டயே போவாத. அந்தக் கேஸ அந்தப் பையி தாங்காது. இன்னொரு தண்ணி கீதே, ராத்திரி கடைத் தண்ணி, அது இப்ப ஒரே ரவுண்டுல உச்சிக்கு ஏறிடும். காசு மிச்சம்னு சந்தோசப்படாத.

அடுத்த மாசம் டாக்டரு கேக்குறப்ப, "சாப்பாட்டுல தண்ணியா? தொடறதே இல்ல சார்"னு கையக் கட்டிகினு நிக்காத. எப்பப் படபடப்பு வந்துச்சு, எப்ப வாந்தி வந்துச்சு, அன்னிக்கு இன்னா துன்ன, எப்பத் தண்ணி குடிச்ச, எல்லாத்தையும் அப்டியே சொல்லிடு. சத்து மாத்திரைய நிறுத்திட்டதையும் சேத்துச் சொல்லு. பி12, இரும்பு மாத்திரையெல்லாம் ஆயுசுக்கும் உண்டு மாப்ள.