மலைச்சைக்கிள் தேர்வாளர்

மலை என்று சுட்டிக்காட்டச் சுமார் 300 அடி உயரமுள்ள பரங்கிமலையையும் பல்லாவரத்துக் குன்றுகளையும் தவிர வேறொன்றும் இல்லாத சென்னை மாநகரில், மலைச்சைக்கிள் வாங்கும் எண்ணத்தோடு நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஒரு வகுப்பினர் உண்டு. இவர்களை மலைச்சைக்கிள் தேர்வாளர் என்று அழைப்பது பொருந்தும். மலைச்சைக்கிள் ஓட்டுநர் என்போர் வேறு இனத்தார்; அவர்கள் கையிலிருக்கும் காசுக்குக் கிடைத்த சைக்கிளை வாங்கி, அதிலிருந்து விழுந்து, முழங்காலில் தழும்போடு திரிபவர்கள். தேர்வாளரிடம் தழும்பு இராது. பெரும்பாலும் நாற்பதை நெருங்கும் வயதும், பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் அலுவலகமும், கொலஸ்டிராலைக் குறித்து மருத்துவர் சொல்லியனுப்பிய ஓர் எச்சரிக்கையும் உடையவரான இவர், ஹெல்மெட், கையுறை, முதுகுப்பை, காற்றழுத்தம் பார்க்கும் கருவி ஆகியவற்றை முன்னரே வாங்கி வைத்துவிட்டு, சைக்கிளை மட்டும் நிலுவையில் வைத்திருப்பார்.

நிலுவைக்குக் காரணம் ஒரு கோட்பாட்டுச் சிக்கல். மலைச்சைக்கிள்கள் இருபெரும் பிரிவாக அமைந்துள்ளன. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் மட்டும் ஷாக் அப்சார்பர் பொருத்தி, பின்பகுதியை அசைவற்ற சட்டமாகவே விட்டுவிடுவது ஹார்ட்டெயில் எனப்படும். பின்சக்கரத்தையும் மூட்டுகளின் வழியாக அசையவிட்டு, அந்த அசைவை இன்னொரு ஷாக்கின் மேல் ஏற்றுவது ஃபுல் சஸ்பென்ஷன் எனப்படும். முன்னது எடை குறைந்தது, விலை குறைந்தது, மிதிக்கும் விசையைச் சிந்தாமல் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது. பின்னது கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாதபடி காத்துப் பிடிமானத்தையும் பிரேக்கையும் உறுதிப்படுத்துவது. ஆனால், ஒவ்வொரு மிதிக்கும் சற்றே அமுங்கி எழும் இயல்புடையது. இந்தச் சில வாக்கியங்களில் முடிந்துவிடும் செய்தியைத் தேர்வாளர் ஆண்டுக்கணக்கில் ஆராய்வார் என்பதே அவரைத் தனியொரு வகுப்பாகக் கருத வேண்டியதன் நியாயம்.

அவருடைய வரலாற்றறிவு குறை சொல்ல முடியாதது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்ட்டியில் ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊருக்கருகே சில இளைஞர்கள் பழைய பருத்த டயர் சைக்கிள்களில் செங்குத்தான மண்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டதையும், அந்த இறக்கத்தில் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் வெந்து புகையாகிப் போனதால் ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததையும், அதனாலேயே பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர் வந்ததையும், அடுத்த ஆண்டே அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இதற்கெனத் தனிச் சைக்கிள் சட்டம் செய்யத் தொடங்கியதையும் அவர் கேட்காமலே எடுத்துரைப்பார். அந்த இளைஞர்களின் சைக்கிள்களில் முன்னும் ஷாக் இல்லை, பின்னும் ஷாக் இல்லை என்பதை யாரேனும் நினைவூட்டினால் மட்டும் உரையைச் சட்டென்று ஒலிம்பிக்கிற்கு மாற்றிவிடுவார்.

ஒலிம்பிக்தான் அவருடைய வழக்கு மன்றம். மலைச்சைக்கிள் போட்டி முதன்முதலாக இடம்பெற்ற 1996 அட்லான்டாவில் ஆடவர் தங்கம் ஹார்ட்டெயிலுக்கே கிடைத்தது. 2004-லும் 2008-லும் பிரான்சின் ஜூலியன் அப்சலோன் அதிலேயே வென்றார். ஆகவே ஹார்ட்டெயிலே சிறந்தது என்று திங்கட்கிழமை முடிவாகும். 2012 லண்டனில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷனில் தங்கம் வென்றது புதன்கிழமை நினைவுக்கு வரும். ஆனால் அன்று ஹார்ட்டெயிலில் வந்த சுவிட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டர் தோற்றது ஒரேயொரு விநாடியில் என்பதால், அந்த விநாடியை இரு கட்சிக்கும் சாட்சியாகக் கூண்டிலேற்றி வாரத்தின் எஞ்சிய நாட்களில் குறுக்கு விசாரணை செய்வார். அதே ஷூர்ட்டர் 2016-இல் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறி ரியோவில் தங்கம் வென்றது வழக்கை முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை, ஏனெனில் ஷூர்ட்டரின் தொடை வேறு, தம்முடைய தொடை வேறு என்னும் புதிய ஆட்சேபம் எழுந்துவிட்டது. (இந்த ஓர் ஆட்சேபத்தில் மட்டும் உண்மை இருக்கிறது.)

கடையில் இவரைக் காண்பது தனிக் காட்சி. பெட்டிகளை எடைபோடும் கொக்கித் தராசைக் கையோடு கொண்டுவந்து, சைக்கிளைத் தூக்கி மாட்டி, பெடல் இல்லாமல் எவ்வளவு, பெடலோடு எவ்வளவு என்று குறித்துக்கொள்வார். பிறகு ஆள் ஏறி அமர்ந்ததும் ஷாக் தானே அமுங்கும் அளவாகிய சேக் என்பதைக் கடைப் பையனுக்கு விளக்கி, பின் ஷாக்கில் அது நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று நிறுவி, தண்ணீர் பாட்டிலோடும் முதுகுப்பையோடும் ஏறி உட்கார்ந்து, அவனைக் குனிந்து அளக்கச் சொல்வார். அளந்து முடித்த பையன், “சார், ரோட்டுலதானே ஓட்டப்போறீங்க?” என்று கேட்பான். அதை அறியாமையின் குரலாகக் கொண்டு தேர்வாளர் புன்னகை செய்வார்.

வீட்டிலோ, அவருடைய கணினியில் ஓர் அட்டவணை வளர்ந்துகொண்டிருக்கும். ஃபோர்க் தரையோடு சாயும் கோணம் 68 பாகையா 65 பாகையா, ஷாக் அமுங்கக்கூடிய நீளமாகிய டிராவல் 100 மில்லிமீட்டரா 150 மில்லிமீட்டரா என்றெல்லாம் பத்துப் பொருத்தமும் பார்க்கும் ஜோசியரைப்போல் கட்டம் கட்டமாக நிரப்புவார். எந்த வரனுக்கும் ஏதேனும் ஒரு தோஷம் அகப்பட்டுவிடும். நாற்பதாயிரத்தில் தொடங்கிய வரவுசெலவுத் திட்டம், ‘இன்னும் கொஞ்சம் போட்டால்’ என்ற மூன்று சொற்களின் வலிமையால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஒரே விலையில் ஹார்ட்டெயில் எடுத்தால் பிரேக், கியர், ஃபோர்க் மூன்றும் உயர்தரத்தில் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதை அட்டவணையின் தனிப் பத்தியில் சிவப்பெழுத்தில் எழுதியும் வைத்திருப்பார். சில ஃபோர்க்குகளின் அடிக்குழாயில் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்ற விதியைப் படித்த இரவில், ஒரு மணி நேரம்கூட ஓட்டாத அவருக்கு உறக்கம் வராது.

அண்டை வீட்டுச் சிறுவனின் ‘டபுள் ஷாக்’ சைக்கிளைக் கண்டால் அவர் முகம் சுளிப்பார். இதில் அவர் பக்கம் நியாயமுண்டு. மலிவு விலைச் சைக்கிள்களின் நடுவே மாட்டப்படும் அந்தச் சுருள்வில் பெரும்பாலும் அசைவைத் தணிக்கும் எண்ணெய் இல்லாத வெறும் வில். அமுங்கிய வேகத்திலேயே திரும்பத் தள்ளுவதையும் எடை கூட்டுவதையும் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. ஆனால் அந்தச் சிறுவன் நாள்தோறும் மாலையில் அதை ஓட்டுகிறான் என்னும் உண்மைக்கு அட்டவணையில் பத்தி ஒதுக்கப்படவில்லை.

இவ்வகுப்பாரின் சமூகப் பயன் ஆலோசனை வழங்குவதில் அடங்கியுள்ளது. இவரிடம் கேட்டுச் சைக்கிள் வாங்கிய அலுவலக நண்பர்கள் கோத்தகிரிக்கும் ஏற்காட்டுக்கும் போய்வந்து படம் அனுப்புவார்கள். இவரோ அந்தப் படங்களைப் பெரிதாக்கி, டயரின் காற்றழுத்தம் கூடுதல் என்று பதில் அனுப்புவார்.

சிலர் இறுதியில் வாங்கியும் விடுகின்றனர், அதுவும் ஃபுல் சஸ்பென்ஷனையே வாங்குகின்றனர். ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போகையில், மிதிக்கும்போது உடல் ஆடுவது பொறுக்காமல், ஷாக்கை அசையாமல் பூட்டும் லாக்அவுட் என்னும் விசையை முன்னும் பின்னும் திருகிவிடுவர். இரு ஷாக்கும் பூட்டப்பட்ட அந்த நிலையில் அது கால்வாசி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் சாதாரண ஹைபிரிட் சைக்கிளின் வேலையை, அதைவிடச் சில கிலோ கூடுதல் எடையோடு செய்கிறது. வேகத்தடைகளில் மட்டும் அவர்கள் விசையைத் திறந்து மூடுவதுண்டு.

வாங்க எண்ணும் வாசகருக்கு வேண்டிய விவரம் மிகச் சிறிது. தார்ச்சாலைக்கு ஷாக் எதுவும் வேண்டியதில்லை. மண்பாதைக்கும் இலேசான மேடுபள்ளத்துக்கும் ஹார்ட்டெயில் போதும். வாரந்தோறும் கற்பாறை இறக்கங்களில் உண்மையாகவே இறங்குவோர் ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கலாம். ஐயமிருந்தால் கடைப் பையனைக் கேட்கலாம்; தேர்வாளரைக் கேட்கும் எண்ணமிருப்பின், சைக்கிளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கேட்பது நல்லது.