ஜேசனின் கை முடி

ஜிடிஏ வைஸ் சிட்டி என்ற கேம் வரப்போகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த நெட் சென்டரில், ஒரு சனிக்கிழமை, மூலை கேபினில் அது ஓடிக்கொண்டிருந்தது. பூப்போட்ட நீலச் சட்டைக்காரன் ஒருவன் போகிற வருகிறவர்களை இழுத்துப்போட்டுவிட்டு அவர்கள் காரை ஓட்டிக்கொண்டு போனான். ஏழெட்டுப் பேர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். வெளியீட்டு விழா அவ்வளவுதான்.

பிளேஸ்டேஷன் 2-க்கு 2002 அக்டோபரிலும் கம்ப்யூட்டருக்கு 2003 மே மாதத்திலும் வந்தது, மயாமியைப் பார்த்துச் செய்த ஊர், கதை நடப்பது 1986-இல் என்பதெல்லாம் பிற்காலத்தில் படித்தவை. அசல் கேம் இரண்டு சிடியில் வந்ததாம். எங்களுக்குக் கிடைத்தது, நீல மார்க்கரில் பெயர் எழுதிய ஒற்றை சிடி. எங்கோ யாரோ புண்ணியவான் பாட்டையும் வசனத்தையும் வெட்டி எறிந்து ஒன்றுக்குள் அடக்கியிருந்தார். ஹீரோ டாமி வாயசைப்பான், சத்தம் வராது. காரில் ஏறினால் எஞ்சின் மட்டும் உறுமும். அந்தக் கார்களில் வானொலி உண்டு, மைக்கேல் ஜாக்சன் உட்பட எண்பதுகளின் பாட்டெல்லாம் அதில் வரும் என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். அதுவரை வைஸ் சிட்டி ஓர் ஊமைப்படம். ஒருவரும் குறை சொன்னதாக நினைவில்லை.

கேம் ஓட 800 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸரும் 128 எம்பி ரேமும் 32 எம்பி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும் என்று அதைத் தயாரித்தவர்கள் எழுதியிருந்தார்கள். சென்டரில் முதல் இரண்டும் ஒருமாதிரி இருந்தன. மூன்றாவதைப் பற்றி யாருக்கும் தெரியாது. திரை இழுத்து இழுத்து நகரும்போது, "அண்ணே, ஸ்லோவா இருக்குண்ணே" என்று குரல் கொடுப்போம். சென்டர் அண்ணன் டீ கிளாஸோடு எழுந்து வருவார். டிஸ்ப்ளே செட்டிங் பக்கத்தைத் திறந்து, 'ட்ரெயில்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்வார். ரெசல்யூஷனை 640-க்கு 480 ஆக்குவார். 'டிரா டிஸ்டன்ஸ்' என்ற கோட்டைப் பிடித்து இடது ஓரம்வரை தள்ளிவிடுவார். "இப்ப ஓட்டு. பறக்கும்."

பறக்கத்தான் செய்தது. என்ன, ஊர் பாதி காணாமல் போயிருக்கும். கடற்கரைச் சாலையில் போனால் ஹோட்டல்கள் நாம் நெருங்கிய பிறகு அவசரமாக எழுந்து நிற்கும். கடந்து வந்த கார்களைத் திரும்பிப் பார்த்தால் சாலை காலியாக இருக்கும். கடலோர நகரத்தின் தாதாவான டாமிக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் விழுந்தால் சாவுதான். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் பாலத்தில் போகும்போது நடுவில் ஒரு படம் வந்து நின்றுவிடும். அந்தத் தீவை எடுத்துவர மெஷினுக்கு அவகாசம் வேண்டுமே. நாங்கள் அந்த நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்போம், கொடுத்த காசுக்கு மணி ஓடுகிறதே என்று.

இவ்வளவையும் பார்த்துவிட்டு வெளியே வந்து, "அப்படியே சினிமா மாதிரி இருக்குடா" என்று பேசிக்கொண்டு போனோம். நடிக்கவில்லை. அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் ஆராய்ச்சி எல்லாம் சீட் கோடில்தான். பிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சூத்திரங்களைவிடக் கவனமாக எழுதிவைத்திருந்தேன். பேன்ஸர் என்று அடித்தால் ராணுவ டாங்கி வந்து இறங்கும். லீவ்மீஅலோன் என்று அடித்தால் துரத்துகிற போலீஸ் அப்படியே விட்டுவிடும். ஸ்பெல்லிங்கில் ஓர் எழுத்து பிசகினாலும் ஒன்றும் நடக்காது. என் ஆங்கிலம் தேறியதில் அந்தப் பக்கத்துக்கும் பங்குண்டு.

அடுத்து வந்த சான் ஆண்ட்ரியாஸுக்குத்தான் முதன்முதலாகக் காத்திருந்தோம். காத்திருக்க வைத்தது வதந்தி. வகுப்பில் ஒருவனின் அண்ணன் சென்னையில் படித்தான், ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் அடிக்கடி போகிறவன். லீவுக்கு வந்தபோது அவன் சொன்னது: மூன்று ஊர் இருக்கும், ஹீரோவுக்கு நீச்சல் தெரியும், கண்டபடி தின்றால் தொப்பை போடும், காட்டுக்குள் உடம்பெல்லாம் முடி முளைத்த ராட்சசன் ஒருவன் திரிகிறான். 2005 ஜூனில் கம்ப்யூட்டருக்கு வந்தபோது முதல் மூன்றும் நிஜமாக இருந்தன. ராட்சசனை மட்டும் தேடிக்கொண்டே இருந்தோம். உலகம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். அப்படி எவனும் இல்லை என்று தயாரித்தவர்களே சொன்ன பிறகும் தேடினார்கள். சிலியாட் மலைப் பக்கம் மாலை நேரத்தில் ஒரு பனி மூட்டம் இறங்கும் பாருங்கள், அதற்குள் எதுவும் இருக்கலாம்.

அந்த மூட்டத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். பிளேஸ்டேஷன் 2-இன் மெமரி 32 எம்பி. கைபேசியில் இன்று எடுக்கிற படம் நாலைந்து சேர்ந்தால் அது நிரம்பிவிடும். அதற்குள் மூன்று ஊர், ஒரு பாலைவனம், ஒரு மலை. மொத்தத்தையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க வழியில்லை என்பதால், ஹீரோவைச் சுற்றி உள்ளதை மட்டும் டிவிடியிலிருந்து எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை மறைக்க லாஸ் சாண்டோஸில் ஆரஞ்சுப் புகை, சான் ஃபியரோவில் கடல் மூடுபனி. சாலைகளையும் நேராகப் போடாமல் மலையைச் சுற்றிச் சுற்றிப் போட்டார்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்டிப் போனால், வெளியூர்ப் பயணம் போய்வந்த களைப்பே வந்துவிடும்.

2021 நவம்பரில் இந்த இரண்டும் உட்பட மூன்று பழைய கேம்களைப் புதுக் கருவிகளுக்குப் பளபளப்பாக்கி வெளியிட்டார்கள். புகை இப்போது தேவையில்லை, எடுத்துவிட்டார்கள். விமானத்தில் கொஞ்சம் மேலே ஏறியதும் மூன்று ஊரும் ஒரே பார்வையில், ஒரு மேஜைக்குள் அடங்குகிற மாதிரி தெரிந்தன. மாநிலம் மொத்தமே ஆறு கிலோமீட்டருக்கு ஆறு கிலோமீட்டர்தான். நாங்கள் ஒரு சாயங்காலம் முழுக்க ஓட்டிய தூரம் அது. மழை வேறு வெள்ளைக் கோடு கோடாக முகத்துக்கு முன்னால் விழுந்தது. சில நாளிலேயே, தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது; பின்னர் வந்த அப்டேட்டில் புகையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தெளிவாகத் தெரிகிறது என்று வாடிக்கையாளர் புகார் கொடுத்து ஜெயித்த வழக்கு வேறெங்கும் உண்டா தெரியவில்லை.

இப்போது என் அக்கா மகனுக்கு வருகிறேன்.

ஜிடிஏ 6-இன் முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பரில் வந்தபோது அவன் பிளஸ் ஒன். 24 மணி நேரத்தில் யூடியூபில் 9 கோடிக்கு மேல் பார்வைகள். அதில் ஒரு கணிசமான பகுதி எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து போனது. மறுபடி வைஸ் சிட்டி. ஆனால் இந்தக் கடற்கரையில் நூறு பேர் இருந்தால் நூறு பேரும் வேறு வேறு ஆள். இரண்டாவது ட்ரெய்லர் 2025 மே 6. அதை அவன் ஓடவிட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு நொடி விடுவான், நிறுத்துவான், இரண்டு விரலால் பெரிதாக்குவான்.

"மாமா, இங்க பாருங்க. ஹீரோ ஜேசன் கையில இருக்கிற முடி."

பார்த்தேன். முடிதான்.

"வேர்வை தெரியுதா? பீர் பாட்டிலுக்குள்ள பபிள் பாருங்க. இதெல்லாம் ப்ரீ-ரெண்டர் இல்ல மாமா. பாதி கட்சீன், பாதி கேம்ப்ளே. சாதா பிஎஸ்5-ல எடுத்ததுன்னு ராக்ஸ்டாரே சொல்லிட்டான்."

முகூர்த்தப் பட்டு எடுக்கப் போனால் முந்தானையைத் திருப்பிப்போட்டு ஜரிகை பார்க்கிற அத்தைமார் உண்டே, அந்தக் கண் இந்தத் தலைமுறைக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் அவன் பார்ப்பது ஓரத்தில் விரிசல் விட்ட போனில், அன்றைய டேட்டாவில் மிச்சமிருக்கும் கொஞ்சத்தை வைத்து, 480-இல். சென்டர் அண்ணன் எங்களுக்கு வைத்துக்கொடுத்த அதே 480.

அந்தக் கண் சும்மா வரவில்லை, நியாயம் இருக்கிறது. 2012-இல் வாட்ச் டாக்ஸ் என்ற கேமை லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் காட்டினார்கள். காற்றும் மழையும் வெளிச்சமுமாக ஒரு சிகாகோ. 2014-இல் கைக்கு வந்தபோது அந்தக் காற்று நின்றுபோயிருந்தது. சில ரசிகர்கள் ஃபைல்களுக்குள் புகுந்து தேடி, கண்காட்சியில் காட்டிய சில வித்தைகள் உள்ளேயே அணைத்துவைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2018-இல் ஸ்பைடர்மேன் வந்தபோது தகராறு ஒரு தண்ணீர்க் குட்டையைப் பற்றி. முன்பு காட்டிய காட்சியில் தரையில் பெரிய குட்டை, வந்த கேமில் சின்னக் குட்டை. கிராஃபிக்ஸைக் குறைக்கவில்லை, குட்டையின் அளவைத்தான் மாற்றினோம் என்று தயாரித்த இன்சோம்னியாக் விளக்கம் கொடுத்தது. பிறகு வெறுத்துப்போய், படத்தில் ஒட்டிக்கொள்ள குட்டை ஸ்டிக்கரே கொடுத்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பதில் அது.

சைபர்பங்க் 2077 வேறு ரகம். 2012-இல் அறிவித்து 2020 டிசம்பர் 10-இல் வந்தது. பழைய பிஎஸ்4-இல் அது பட்ட பாட்டைப் பார்த்து, எட்டே நாளில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. எட்டு வருடம் காத்திருந்தவர்களுக்கு எட்டு நாள்.

ஜிடிஏ 6-க்கே இப்படி ஒன்று நடந்தது. 2022 செப்டம்பரில் செய்துகொண்டிருக்கும்போதே சுமார் 90 வீடியோக்கள் திருட்டுப்போய் வெளியே வந்தன. பூசாத சுவரும் முடியாத வெளிச்சமுமாக இருந்தவற்றைப் பார்த்து, இதுவா கிராஃபிக்ஸ் என்று கேலி செய்தவர்கள் ஏராளம். வீடு கட்டினால் முதலில் பெயின்ட்தான் அடிப்பார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. மற்ற நிறுவனத்துக்காரர்கள் தங்கள் கேம்களின் அரைகுறைக் காலத்துப் படங்களை எடுத்துப்போட்டு ராக்ஸ்டாருக்குத் துணை நின்றார்கள்.

தேதி தள்ளிப்போவதற்கும் பழகிவிட்டோம். முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26. 2025 நவம்பரில் அதையும் மாற்றி 2026 நவம்பர் 19 என்றார்கள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இதில் ஒரு நன்மை உண்டு. பெட்டியிலேயே 18 என்று போட்டு வருகிற வரிசை இது. ட்ரெய்லர் பார்க்க ஆரம்பித்தபோது மைனராக இருந்த பையன், கேம் வருவதற்குள் ஓட்டே போட்டுவிடுவான். நாங்கள் பெட்டியைப் பார்த்ததே இல்லை என்பதால் எங்களுக்கு அந்தச் சங்கடம் இருக்கவில்லை.

அவனிடம் பிஎஸ்5 இல்லை என்பதை இன்னும் சொல்லவில்லையோ? டிஸ்க் போடுகிற மாடல் 54,990 ரூபாய் என்று கடையில் எழுதியிருந்ததை அவன் அம்மாவிடம் காட்டினான். அக்கா அந்த எண்ணை ஹாஸ்டல் ஃபீஸ் ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குக்கரை இறக்கப் போய்விட்டாள். அவனிடம் இருப்பது காலேஜ் லேப்டாப். ஜிடிஏ 6-ஐ அறிவித்ததோ பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும். அந்த லேப்டாப்பில் அவன் விளையாடுவது சான் ஆண்ட்ரியாஸ், பழைய பதிப்பு, புகையோடு.

தேதி தள்ளிப்போன அன்று துக்கம் விசாரிக்கும் முறையில் கேட்டேன்: "அப்ப அடுத்த நவம்பர் 19 காலேஜுக்கு லீவு போட்டுருவ?"

"எதுக்கு மாமா? முதல் நாளே எவனாவது வாங்குவானா? பக் இருக்கும். ரெண்டு மூணு பேட்ச் வரட்டும். டிஜிட்டல் ஃபவுண்டரிக்காரன் ஃப்ரேம் ரேட் எண்ணிச் சொல்லட்டும். விலை குறையட்டும். பொறுமையா வாங்கிக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"மூணாவது ட்ரெய்லர் வரும்ல."