தோட்ட டிராக்டரும் சோம்பலின் மாண்பும்: ஒரு காரண காரிய ஆராய்ச்சி

பழைய தோட்ட டிராக்டர் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் வைத்துப் புதுப்பித்தவருக்குக் கிடைக்கும் பாராட்டுக்கு அளவில்லை. பளபளக்கும் வண்டியின் பக்கத்தில் கிரீஸ் படிந்த கையோடு நிற்கும் அவரைத் தெருவே கொண்டாடுகிறது. அந்தப் பாராட்டு உரியவருக்குப் போய்ச் சேரவில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ வந்த கருத்து. வண்டியைக் காப்பாற்றியவர் புதுப்பித்தவர் அல்லர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அது கிளம்ப மறுத்தபோது, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மூலையில் தள்ளிவிட்டு, அதன்பின் கண்ணெடுத்தும் பாராமல் இருந்தாரே, அந்த முதல் உடைமையாளர்தான் காப்பாற்றியவர். அவருடைய சோம்பல் காரணம். இன்றைய பளபளப்பு அதன் காரியம். மடியின்மைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவரோடு இவ்விடத்தில் முரண்பட நேர்வதற்கு வருந்துகிறோம். அவர் காலத்தில் தோட்ட டிராக்டர் இல்லை என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்வோம்.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுக்க வேண்டும். வயலில் உழும் பெரிய டிராக்டரை மனத்தில் வைத்துக்கொண்டால் வழி தவறும். இது அமெரிக்கப் புறநகரில் பிறந்த குள்ள வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்து, வீட்டைச் சுற்றி ஒன்றிரண்டு ஏக்கர் நிலத்தோடு குடியேறியவர்களுக்காகச் செய்யப்பட்டது. புல் வெட்டும், பனி தள்ளும், சிறு கலப்பையும் இழுக்கும். இந்தியானா மாநிலத்து சவுத் பெண்டில் 1946-இல் எல்மர் பாண்ட் என்பவர் தொடங்கிய தொழில் பின்னாளில் வீல் ஹார்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்றது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் கப் கேடட்டை 1960-இல் இறக்கியது. ஜான் டியர் 1963-இல், விஸ்கான்சினின் ஹோரிகான் ஆலையிலிருந்து 110 என்ற மாடலை அனுப்பியது. இவற்றுள் பலவற்றின் வயிற்றில் இருந்தது கோலர் நிறுவனத்தின் கே வரிசை எஞ்சின்: ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிர்வது, வார்ப்பிரும்பு உடம்பு. குறைந்த குதிரைத்திறனில் தொடங்கி, அந்த அமெரிக்கப் பத்தாண்டுகளின் வழக்கப்படி, ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே போனது.

இனிச் சான்றுக்கு வருவோம். எஞ்சினுக்கு இரண்டு வகைச் சாவு உண்டு: தேய்ந்து சாவது, துருவேறி இறுகிப்போவது. முதலாவது உழைப்பாளியின் வண்டிக்கு வருவது. அவர் வாரந்தோறும் புல் வெட்டுகிறார். புல்தூசி ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகிறது. பிஸ்டனும் ரிங்கும் சிலிண்டர் சுவரை மெல்ல மெல்ல அரைக்கின்றன. அந்தச் சுவரை ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு பெரிதாக்கி ரீபோர் செய்யலாம், அப்புறம் நூறில் இரண்டு, அப்புறம் மூன்று. கோலர் அந்த அளவுகளுக்கே ஓவர்சைஸ் பிஸ்டன் செய்தது. மூன்றோடு சரி, அதற்குமேல் போனால் சிலிண்டருக்குள் உறை போட வேண்டும். உழைப்பு ஒவ்வொரு முறையும் இரும்பைத் தின்கிறது, தின்றது திரும்பி வராது. சோம்பேறியின் எஞ்சின் இறந்த விதம் வேறு. பிஸ்டன் ஓரிடத்தில் நின்றது, ஈரம் சேர்ந்தது, ரிங் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பார்த்தால் பிணம் போலத்தான் இருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக மெல்லிய எண்ணெய் ஊற்றிச் சில வாரம் விட்டு, பிறகு மரக்கட்டையை இடையில் வைத்துப் பதமாகத் தட்டினால், பெரும்பாலும் அசைந்து கொடுக்கும். துருவும் இரும்பைத் தின்பதுதானே என்று கேட்கலாம். தின்கிறது; ஆனால் ஒட்டிய இடத்தில் மட்டும் தின்கிறது. மற்ற இடமெல்லாம் ஆலையிலிருந்து வந்த அன்றைய அளவிலேயே நிற்கிறது.

உழைப்பாளியின் குற்றம் தேய்மானத்தோடு நிற்பதில்லை. அவர் பழுது பார்ப்பவரும் ஆவார். ஆராய்ச்சியாளன் அஞ்ச வேண்டியது இங்கேதான். தேய்ந்த மரை ஒன்றைக் கண்டால் அதைவிடப் பெரிய போல்ட்டை அடித்து இறக்குவார். விரிசல் கண்ட சட்டத்தில் இரும்புத் துண்டு வைத்து, பிறகு எவராலும் பிரிக்க முடியாதபடி வெல்டிங் செய்வார். ஒயரிங்கில் ஒரு ஸ்விட்ச் போனால் மூன்று புதிய ஒயர் இழுப்பார், மூன்றும் ஒரே நிறத்தில். வசந்த காலம் வந்தால் வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைத் தூரிகையால் வண்டிக்குப் பூசுவார். இந்தக் கடைசிக் குற்றத்துக்கு வரலாறே சாட்சி. 1969-இலிருந்து சில ஆண்டுகள் ஜான் டியர் ‘பேஷியோ’ வரிசை என்ற ஒன்றை விற்றது. உடல் வெள்ளை, பானெட்டும் இருக்கையும் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்ற நான்கில் எது பிடித்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ஜான் டியர் என்றால் பச்சைதானே என்று நம்பிய சுறுசுறுப்பான உடைமையாளர் ஒருவர் ஒரு சனிக்கிழமை மதியத்தில் அதைப் பச்சையாக்கிவிட்டால், பின்வருபவர் உண்மை நிறத்தை எங்கே தேடுவது? கியர்பாக்ஸின் ஓரத்தில் ஆயில் கசிந்து, அதன்மேல் தூசி படிந்து, விரல் கனத்துக்கு இறுகிப்போன அழுக்கின் அடியில். யாரும் துடைக்காத இடம் அது. கசிவை நிறுத்தவும் துடைக்கவும் சோம்பிய கைகளே அந்தப் பெயின்டைப் போர்த்திப் பாதுகாத்தன. பணியாளர்கள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்ளும் அருங்காட்சியகங்களில்கூட இவ்வளவு மலிவான பாதுகாப்பு முறை இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: வண்டி தப்பியது ஆலைக்காரன் வார்ப்பிரும்பைத் தாராளமாக ஊற்றியதால்தானே, இதில் சோம்பேறிக்கு என்ன பங்கு? கனமான மறுப்பு, எடையிலும் கனம்தான். சைவ சித்தாந்திகள் குடத்தை வைத்துக் காரணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அந்த வகுப்பை அப்படியே இங்கே பொருத்தலாம். வார்ப்பிரும்பு முதற்காரணம், கொட்டகைக் கூரை துணைக்காரணம், சோம்பேறி நிமித்த காரணம். வார்ப்பிரும்பு மட்டும் போதுமென்றால், அதே ஆலையில் அதே இரும்பில் வார்த்து, உழைப்பாளிகளிடம் அகப்பட்ட எஞ்சின்களும் தப்பியிருக்க வேண்டும். அவை மூன்றாவது ரீபோரைத் தாண்டவில்லை. குயவனோடு சோம்பேறியைச் சேர்ப்பது அபசாரம் என்பாரும் உண்டு. குயவர் கையை அசைக்கிறார், இவர் அசைக்கவில்லை, அவ்வளவே வேற்றுமை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. வண்டியின் அடியில் தொங்கும் புல்வெட்டித் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். மெல்லிய தகட்டில் அழுத்திச் செய்த அந்தத் தட்டு எந்தக் கொட்டகையிலும் ஓட்டை ஓட்டையாகத்தான் கிடைக்கிறது. புல் வெட்டிய பிறகு அடியில் ஒட்டிய ஈரப்புல்லைச் சுரண்டாமல் விட்டதே காரணம், அது சோம்பல்தானே? அன்று. அது அரைச் சோம்பல். புல்லை வெட்டுமளவுக்கு உழைப்பும், கழுவாமல் விடுமளவுக்குச் சோம்பலும் ஒரே மனிதரிடம் கலந்த நிலை. முழுச் சோம்பேறி புல்லே வெட்டுவதில்லை. அவருடைய தட்டில் ஒட்டுவதற்கு ஈரப்புல் ஏது? தட்டைத் தின்றது உழைப்பின் எச்சமே. இதே தராசில் கார்புரேட்டரையும் நிறுத்திப் பார்க்கலாம். உள்ளே விட்டுவைத்த பெட்ரோல் வற்றிப் பிசினாகி ஜெட்டை அடைத்துக்கொள்கிறது என்று குற்றம் சாட்டுவார்கள். உண்மை, ஆனால் கிளீனரில் ஊறவைத்து, பொடித்துளைகளில் காற்றடித்தால் போய்விடுகிற பிசின் அது. இக்னிஷன் பாயின்ட் முனையில் படிந்த ஆக்சைடுக்கும் அப்படியே: மெல்லிய உப்புத்தாளால் ஓர் இழுப்பு, அரை மில்லிமீட்டர் இடைவெளி, தீப்பொறி வந்துவிடும். எலி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கலாம். எஞ்சின் உறைக்கு அடியில், காற்றுப் போக வேண்டிய வழியில் அது கூடு கட்டும். எடுக்காமல் ஓட்டினால் எஞ்சின் கொதித்துவிடும். ஆயினும் கட்டியது எலி, அதுவும் இரவு பகலாக உழைத்து.

தப்பியவற்றை மட்டும் பார்த்துப் பேசுகிறீர்கள், கொட்டகைக்குப் பின்னால் மக்கி மண்ணான வண்டிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது மூன்றாவது மறுப்பு. சேர்க்கிறோம். மக்கியது முழு வண்டியன்று. ஒன்றில் பானெட் போயிருக்கும், கியர் நன்றாக இருக்கும். இன்னொன்றில் கிராங்க் உடைந்திருக்கும், ஸ்டியரிங் நேராக இருக்கும். புதுப்பித்தவர் எவரையும் தனியே அழைத்துக் கேட்டால், ஒன்றை எழுப்ப இன்னும் ஒன்றோ இரண்டோ வண்டியை அறுத்ததை ஒப்புக்கொள்வார். அந்த ஒன்றிரண்டும் எப்படிக் கிடைத்தன? உழைப்பாளியாயிருந்தால் முதல் ஆண்டே இடத்தைச் சுத்தம் செய்து பழைய இரும்புக்குப் போட்டிருப்பார். சில நூறு கிலோ எடையுள்ள வண்டியை லாரியில் ஏற்றும் வேலை சோம்பேறிக்கு ஆகாது, ஆகையால் அது அங்கேயே கிடந்தது.

காரணம் நிறுவப்பட்டபின் முறை எளிது. சோம்பலால் பிழைத்த வண்டியைச் சோம்பலாலேயே எழுப்ப வேண்டும் என்பது நம் துணைத் தேற்றம். கொட்டகைகளில் நல்ல பெயர் வாங்கிய உத்திகளைப் பாருங்கள். இறுகிய போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருப்பது. துருப்பிடித்த சிறு பாகத்தை வினிகரில் போட்டுவிட்டு மறந்துபோவது. பெரிய பாகமென்றால் மின்பகுப்பு: பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் பாகம், நேர்முனையில் ஏதோ ஒரு பழைய இரும்புத் துண்டு. இரவு முழுதும் மின்சாரம் வேலை செய்யும், மனிதர் தூங்கலாம். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் தொட்டி திறந்தவெளியில் இருக்க வேண்டும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகு கூடவே கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலந்துவிடும். இந்த இரண்டும் தவிர வேறு கவலை இல்லை. இதற்கு எதிராகச் சுறுசுறுப்பான முறைகளை நிறுத்துங்கள். நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்கினால் போல்ட் தலை கையோடு வரும். மணலடித்தால் மெல்லிய பானெட் நெளியும். பேரிங்குக்குள் போன மணல் எஞ்சினைக் கிளப்பிய அன்றே தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். பழைய பெயின்டை உப்புத்தாளால் தேய்ப்பது உயிருக்கே கேடு: அமெரிக்காவில் வீட்டு பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-இல்தான், அதற்கு முந்தைய வண்டியின் பூச்சுத் தூசி எதையும் ஈயம் கலந்ததாகவே கொள்ள வேண்டும். பழைய பிரேக் லைனிங்கைத் தேய்த்தால் ஆஸ்பெஸ்டாஸும் பறக்கக்கூடும். தேய்க்காதவருக்கு இந்த ஆபத்து எதுவுமில்லை.

ஆகவே புதுப்பிப்பவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. அவர்கள் எண்ணெய் விட்டுக் காத்திருக்கட்டும். வேண்டுகோள் எல்லாம் இன்றைய சோம்பேறிகளிடம்தான். உங்கள் கொட்டகையிலும் இந்த ஆண்டு ஏதோ ஒன்று கிளம்ப மறுத்திருக்கும், நீங்களும் அதை மூலையில் தள்ளப் போகிறீர்கள். தாராளமாகத் தள்ளுங்கள், அதன்பின் தொடவே வேண்டாம். தள்ளுமுன் இரண்டே வேலை. டாங்க்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். சைலன்சர் வாய் மேல்நோக்கி இருந்தால் ஒரு காலி டப்பாவை அதன்மேல் கவிழ்த்துவிடுங்கள். கூரை ஒழுகும் நாளில் மழைநீர் சிலிண்டருக்குள் இறங்கும் வழி அதுதான். இரண்டும் முடியாதென்றால் டப்பாவை மட்டுமாவது கவிழ்த்துவிட்டுப் போங்கள்.